தோலும் பயன்தரும் கனி

பழத்தை உண்டு தோலை எறிவது உலக வழக்கம். கமலா ஆரஞ்சைப் பொறுத்தவரை அவ்வழக்கம் பேரிழப்பு ஆகும். இக்கனியின் சுளையில் சாறும் சுவையும் உள்ளன. மணமோ பெரும்பாலும் தோலில் அடங்கியுள்ளது. இவ்வுண்மையை அறிந்த மக்கள், பல நாடுகளில் அத்தோலைச் சேமித்து வைத்து உணவிலும் நறுமணப் பொருள்களிலும் பயன்படுத்தி வருகின்றனர்.

பெயரின் பயணம்

தளர்ந்த தோலும் எளிதில் பிரியும் சுளைகளும் உடைய ஆரஞ்சு வகையே தமிழில் 'கமலா ஆரஞ்சு' எனப்படுகிறது. வங்காளத்தில் இது 'கமலா லேபு', இந்தியில் 'சந்த்ரா', நேபாளியில் 'சுந்தலா', மேகாலயத்தின் காசி மொழியில் 'சோ நியம்த்ரா'. ஆங்கிலத்தில் இதனை 'மாண்டரின்' என்பர். சீன அரசின் உயர் அதிகாரிகளைக் குறித்த சொல் அது. மந்திரி என்னும் வடசொல் மலாய் மொழியில் 'மெந்திரி' ஆயிற்று. போர்த்துக்கீசியர் அதனைத் தம் நாவிற்கேற்ப மாற்றி வழங்கினர். தமிழரும் நன்கறிந்த 'மந்திரி' என்னும் சொல்லே, கடல் கடந்து சென்று ஒரு கனியின் பெயராகத் திரும்பி வந்துள்ளது.

'ஆரஞ்சு' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. வடமொழியின் 'நாரங்க' என்னும் சொல் பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியாக ஐரோப்பாவை அடைந்து 'ஆரஞ்சு' ஆனது. அவ்வடசொல்லுக்கும் மூலம் திராவிட மொழிக் குடும்பமே என மொழியறிஞர் பலர் கருதுவர். தமிழின் 'நாரத்தை', மலையாளத்தின் 'நாரங்ங' ஆகியவை அதன் உறவுச் சொற்களாகும்.

பிறப்பும் உறவும்

இமயமலையின் தென்கிழக்கு அடிவாரமும் அதனை அடுத்த அசாம், வட மியன்மார், தென்மேற்குச் சீனம் ஆகிய பகுதிகளுமே நாரத்தைக் குடும்பத்தின் தாயகம் என ஆய்வாளர் கூறுவர். அக்குடும்பத்தின் முதன்மையான மூதாதையருள் கமலா ஆரஞ்சும் ஒன்று. சாத்துக்குடி இதற்கு அயலான கனி அன்று. கமலா ஆரஞ்சும் பம்பளிமாசும் கலந்ததன் விளைவாகவே சாத்துக்குடி உள்ளிட்ட இனிப்பு ஆரஞ்சு வகைகள் தோன்றின.

இந்தியாவில் நாகபுரி, குடகு, டார்ஜிலிங், சிக்கிம், மேகாலயம், அருணாசலப் பிரதேசம் ஆகியவை இக்கனிக்குப் பெயர்பெற்ற இடங்கள். தமிழ்நாட்டில் பழனி மலையின் கீழ்ப்பகுதிகளிலும் சேர்வராயன் மலையிலும் விளைகிறது. நாகபுரி ஆரஞ்சு 2014 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்கு ஆண்டுக்கு இருமுறை அறுவடை உண்டு. குளிர்கால இறுதியில் பூப்பவை அவ்வாண்டின் இறுதியில் பழுக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் பூப்பவை அடுத்த ஆண்டின் முற்பகுதியில் பழுக்கும். பின்னதே 'மிருக் பஹார்' எனப்படும்.

உணவில் கமலா ஆரஞ்சு

சுளையின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீரே ஆகும். 100 கிராம் சுளையில் சுமார் 27 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. நாகபுரியில் இக்கனியைக் கொண்டு பர்பி செய்கின்றனர். வங்காளத்தில் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சுளைகளைச் சேர்த்துப் பாயசம் ஆக்குகின்றனர். பால் நன்கு ஆறிய பின்னரே சுளைகளை இடுதல் வேண்டும். சூடான பாலில் இட்டால் சுளையின் புளிப்பினால் பால் திரிந்துவிடும்.

தமிழர் சமையலில் இதன் தோலுக்குத் தனியிடம் உண்டு. தோலைக் கழுவிப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசல், உப்பு, மிளகாய், வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவைத்தால் ஆரஞ்சுத்தோல் பச்சடி ஆயத்தமாகும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு ஆகியவற்றோடு தோலின் இளங்கசப்பும் அதில் கலந்து நிற்கும். உலர்த்திய தோலை வற்றல் குழம்பில் இடுவோரும் உளர். கடையில் வாங்கும் பழத்தின் மேல் மெழுகும் பூச்சிமருந்தும் படிந்திருக்கக்கூடும். ஆகவே தோலைச் சமைக்கும் முன் நன்கு தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

சீனர் இத்தோலை வெயிலில் உலர்த்திப் பல ஆண்டுகள் பாதுகாப்பர். அதற்குச் 'சென்பி' என்று பெயர். 'பழைய தோல்' என்பது பொருள். குவாங்டோங் மாகாணத்தின் சின்ஹுயி வட்டாரம் இதற்குப் புகழ்பெற்றது. ஆண்டுகள் கூடக் கூட அதன் விலையும் கூடும். வாத்திறைச்சி, சூப்பு, இனிப்புப் பயற்றுக் கஞ்சி முதலியவற்றில் அதனை இடுகின்றனர். சப்பானியரின் ஏழு பொருள் மசாலாப் பொடியிலும் இத்தோல் சேர்கிறது. பழத்தைவிடத் தோல் விலைமிக்கதாக மதிக்கப்படும் நிலை சீனத்தில் உண்டு என்பது கருதத்தக்கது.

நறுமணத்தில் கமலா ஆரஞ்சு

தோலின் வெளிப்புறத்தில் ஊசிமுனை போன்ற சிறு புள்ளிகள் தென்படும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். தோலை மடித்துப் பிழிந்தால் அவை உடைந்து நுண்துளிகளைத் தெறிக்கும். பூச்சிகளிடமிருந்து கனியைக் காக்க மரம் அமைத்துக்கொண்ட அரணே இவ்வெண்ணெய். இதன் பெரும்பகுதி லிமோனீன் என்னும் சேர்மம். எனினும் சிறிதளவே உள்ள பிற சேர்மங்களே கமலா ஆரஞ்சின் மணத்தைப் பிற ஆரஞ்சுகளின் மணத்திலிருந்து வேறுபடுத்துகின்றன.

இவ்வெண்ணெயைச் சூடேற்றாமல் அழுத்திப் பிழிந்தெடுப்பர். அதனால் மணம் கெடுவதில்லை. இத்தாலியின் சிசிலி, கலாபிரியா ஆகிய பகுதிகள் இத்தொழிலில் பெயர்பெற்றவை. வாசனைத் திரவியத்தைப் பூசியவுடன் முதலில் எழுந்து விரைவில் மறையும் மணத்தைத் தருவதற்கு இதனைச் சேர்க்கின்றனர். எளிதில் ஆவியாகும் இயல்பே அதற்குக் காரணம். சோப்பு, மிட்டாய், குளிர்பானம் ஆகியவற்றிலும் இது இடம்பெறுகிறது. லிமோனீன் பிசுபிசுப்பான அழுக்கைக் கரைக்க வல்லது. ஆதலால் துப்புரவுப் பொருள்களிலும் பயன்படுகிறது.

தமிழர் இல்லங்களில் உலர்ந்த தோலைப் பயற்றம்பருப்பு, பூலாங்கிழங்கு ஆகியவற்றோடு அரைத்துக் குளியல் பொடியாகப் பயன்படுத்துவர். பழச்சாறு ஆலைகளில் எஞ்சும் நாரத்தைக் குடும்பக் கனிகளின் தோலிலிருந்து பெக்டின் பிரித்தெடுக்கப்படுகிறது. ஜாமைக் கெட்டியாக்குவது அதுவே.

காக்க வேண்டிய செல்வம்

இத்துணைப் பயன்தரும் இம்மரத்திற்குப் பெரும்பகை 'பச்சையாதல்' நோய். சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று இதனைப் பரப்புகிறது. நோயுற்ற மரத்தின் இலைகள் மஞ்சளாகும். கனிகள் சிறுத்துக் கோணும். நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. நோயற்ற கன்றுகளை நடுவதும் பூச்சியைக் கட்டுப்படுத்துவதுமே வழி. நாகபுரியில் உள்ள மத்திய ஆய்வு நிறுவனம் இக்குடும்பப் பயிர்களுக்கென்றே இயங்குகிறது.

நோயைத் தாங்கும் புதிய வகைகளை உருவாக்கக் காட்டு இனங்கள் துணைசெய்யக்கூடும். அதனால் மேகாலயத்தின் காரோ மலையில் உள்ள நோக்ரெக் பகுதியில் அவற்றுக்கெனக் காப்பகம் அமைக்கப்பட்டுள்ளது. அங்கு வளரும் காட்டு ஆரஞ்சைக் காரோ மக்கள் 'மேமாங் நாரங்' என்பர். நம் நாரத்தையின் ஒலி அம்மலைக்காட்டிலும் கேட்கிறது.

காட்டில் உள்ள மரத்தை அரசும் ஆய்வாளரும் காக்கின்றனர். வீட்டில் உள்ள அறிவை வீட்டாரே காக்க வேண்டும். தோலைப் பச்சடியாக்கும் முறையும் குளியல் பொடியாக்கும் முறையும் ஒரு தலைமுறை கேளாமல் விட்டால் மறைந்துபோகும். எறியும் முன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது அதனைக் காக்கும் முதற்படி.

சொற்பொருள்

அரண் – பாதுகாப்பு
இன்றியமையாதது – கட்டாயம் தேவையானது
மூதாதையர் – முன்னோர்
திரிதல் – கெட்டுப் பிரிதல்

பயிற்சி

1. சூடான பாலில் கமலா ஆரஞ்சுச் சுளைகளை ஏன் இடலாகாது?
2. 'மந்திரி' என்னும் சொல் கனியின் பெயரானது எவ்வாறு?
3. காட்டு ஆரஞ்சு இனங்களைக் காப்பதன் தேவை யாது?
4. பிரித்து எழுதுக: அவ்வழக்கம், இத்தோல், இவ்வெண்ணெய்.

செயல்பாடு

வீட்டில் பெரியோரிடம் கேட்டு, எறியப்படும் தோல் அல்லது விதை ஒன்றினைப் பயன்படுத்தும் முறையைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் அப்பொருளுக்கு வழங்கும் பெயரையும் குறிப்பிடுக.