குடி: கோயிலிலும் சட்டத்திலும் வரைவடிவிலும்

ஈழத்துத் தமிழரிடையே மேனாட்டார் கொள்ளும் பொருளிலான பரம்பரைப் பெயர் பொதுவாக இல்லை. தந்தையின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாக அமைகின்றது. அடுத்த தலைமுறையில் அம்முதலெழுத்தும் மாறிவிடுகின்றது. ஆயின், தலைமுறைகள் பல கடந்தும் மாறாத பெயரொன்று மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் வழங்கி வருகின்றது. அது பிறப்புப் பத்திரத்தில் இடம்பெறுவதில்லை. அடையாள அட்டையிலும் இல்லை. தாயிடமிருந்து மட்டுமே பெறப்படும் அப்பெயரைக் 'குடி' என்பர். கோயில், சட்டம், உறவுமுறையின் வரைவடிவு ஆகிய மூன்று துறைகளில் இப்பெயர் பெறும் வேறுபட்ட பொருள்களையும், அவ்வேறுபாட்டால் விளையும் சமூகப் பயன்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் வழக்கும்

பண்டைத் தமிழிலக்கியத்தில் குடி என்பது குடும்பத்தையும், குலத்தையும், அரசனது ஆட்சிக்குட்பட்ட மக்களையும் சுட்டி நின்றது. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்னும் பெயர்களில் அது வாழிடத்தைக் குறிக்கும். குடியுரிமை என்னும் இக்காலச் சொல்லாட்சியில் அரசுக்கும் தனிமனிதனுக்குமுள்ள தொடர்பை உணர்த்தும். மட்டக்களப்பு வழக்கிலோ, ஒரு தாயின் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் கூட்டத்தினர் குடி எனப்படுகின்றனர். காலிங்காகுடி, பணிக்கனாகுடி, உலகிப்போடிகுடி, படையாண்டகுடி என்பன இத்தகையவை.

இவ்வமைப்பு ஒரு சமயத்தார்க்கோ ஒரு சாதியார்க்கோ மட்டும் உரியதன்று. முக்குவர், வேளாளர் முதலிய தமிழ்ச் சாதியினரிடத்தும் கீழைக்கரை முஸ்லிம்களிடத்தும் அது காணப்படுகின்றது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுவதற்கு முன்னர் மட்டக்களப்பு எனப்பட்ட நிலப்பரப்பில், அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய தென்பகுதி ஊர்களும் இவ்வழக்கினுள் அடங்கும். 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகிய நூல்களும், நூர் யல்மன், டெனிஸ் மக்கில்வ்றே போன்ற மானிடவியலாளரின் ஆய்வுகளும் இதனை அறிய விழைவோர்க்குப் பெருந்துணையாவன.

2. கோயிலில் குடி

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில், மண்டூர் முருகன் கோயில், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் போன்ற பெருங்கோயில்களைத் தேசத்துக் கோயில்கள் என்பர். இத்தகைய கோயில்களின் பரிபாலனத்திலும் திருவிழா உரிமைகளிலும் குடிக்கு இடமுண்டு. கோயிற் பொறுப்பாளரான வண்ணக்கர், தம் குடியின் உரிமையால் அப்பதவியைப் பெறுபவர். திருவிழாவில் யாருக்கு முதன்மை, யாருக்கு அடுத்த வரிசை என்பதும் குடிமுறையால் தீர்மானிக்கப்படுவதுண்டு. முஸ்லிம் ஊர்களிலும் இதற்கொத்த அமைப்பொன்று வளர்ந்தது. அங்கே பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் பிரதிநிதியாக அமைந்தார். இரு சமயங்கள் ஒரே சமூக அடித்தளத்தின் மீது தத்தம் நிருவாகத்தைக் கட்டியெழுப்பியமை மனங்கொள்ளத்தக்கது.

எனினும் தாய்வழி என்பது தாயாட்சி அன்று. குடி தாய்வழி வந்தாலும் வண்ணக்கராகவும் மரைக்காராகவும் அமர்ந்தோர் ஆடவரே. மேலும், வரிசை என்பது மதிப்பை மட்டுமன்றி இழிவையும் பங்கிடுவது. உயர்ந்தோர் எனப்பட்ட குடிகளுக்குக் கிடைத்த முதன்மை, ஒடுக்கப்பட்ட சாதியினர் புறத்தே நிறுத்தப்பட்டதன் மறுபக்கமே. நிலவுடைமையாளரான போடியார்களின் ஆதிக்கத்தையும் இவ்வரிசை தாங்கி நின்றது. எனவே குடியமைப்பைப் பழம்பெருமையாக மட்டும் நோக்குதல் பொருந்தாது.

3. குடியின் வரைவடிவு

குடியின் முதல் விதி, ஒரே குடியினர் தம்முள் மணம் செய்தலாகாது என்பது. இவ்விதியைத் தாளில் வரைந்து பார்த்தால் தெளிவானதொரு வடிவம் புலப்படும்.

இரு குடிகள் தம்முள் கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றன எனக் கொள்வோம். காலிங்காகுடி ஆடவன் பணிக்கனாகுடிப் பெண்ணை மணக்கின்றான். அவர்தம் பிள்ளைகள் தாயைத் தொடர்ந்து பணிக்கனாகுடியினர் ஆவர். அவர்களுள் மகன் தன் தந்தையின் சகோதரி மகளை மணப்பின், அவள் காலிங்காகுடியினள். ஆதலால் அவள் பிள்ளைகளும் காலிங்காகுடியினரே. பேரன் தந்தைவழிப் பாட்டனின் குடிக்கே மீண்டு விடுகின்றான். தாய்வழியை வரைந்தால் அது ஒரே குடிக்குள் செல்லும் நேர்கோடு. தந்தைவழியை வரைந்தால் அது தலைமுறைக்குத் தலைமுறை ஒரு குடியிலிருந்து மற்றதற்குத் தாவும் கோணற்கோடு.

இவ்வடிவத்துள் தமிழ் உறவுச்சொற்களும் முற்றப் பொருந்துகின்றன. மேற்கூறிய மகனுக்கு மாமன் மகளும் மாமி மகளும் எதிர்க்குடியினர்; அவர்கள் மச்சாள் முறையினர், மணத்தற்குரியோர். சிற்றப்பன் மணந்தவளும் பணிக்கனாகுடியினளே ஆதலின், அவள் மகள் அவனுடைய குடியினள். அவள் தங்கை முறையினள், மணத்தற்காகாள். குடி விதி கூறுவதும் உறவுச்சொல் கூறுவதும் இங்கே ஒன்றே.

மூன்றாவது குடியொன்று இடையில் வந்தால் இவ்வொருமை குலைகின்றது. சிற்றப்பன் உலகிப்போடிகுடிப் பெண்ணை மணப்பின், அவன் மகள் வேறு குடியினள் ஆவாள். குடி விதி அவளை மணத்தற்குத் தடை கூறாது. ஆயினும் அவள் தங்கையே என உறவுமுறை தடுக்கும். மணவுறவைக் குடிப்பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதும், தந்தைவழியும் மக்கள் நினைவில் நிற்கின்றது என்பதும் இதனால் பெறப்படும். ஒவ்வொருவரும் இரு கோடுகள் வெட்டும் புள்ளியில் நிற்கின்றனர்.

4. சட்டத்தில் குடி

மட்டக்களப்பில் வழங்கிய முக்குவச் சட்டம் இக்கோடுகளுள் தாய்வழிக்கு முதன்மை தந்தது. வழிவழி வந்த முதுசொம், ஆடவன் இறந்தபின் அவன் பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. அவனே ஈட்டிய தேடியதேட்டம் அவன் பிள்ளைகளை அடைந்தது. கேரளத்து மருமக்கத்தாயத்தோடு இது ஒப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் தொகுக்கப்பட்டு நிலைபெற்றது. முக்குவச் சட்டத்துக்கு அவ்வாய்ப்பு நிலைக்கவில்லை. அதனைப் பற்றிக் கிறித்தோபர் பிரிட்டோ எழுதிய நூல் வெளிவந்த 1876ஆம் ஆண்டிலேயே, 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. அதன்பின் கீழ்மாகாணத் தமிழரின் மரபுரிமை பொதுச்சட்டத்தின் வழிப்பட்டது. முஸ்லிம்களோ இசுலாமிய மரபுரிமை விதிகளுக்கு உட்பட்டனர்.

ஆயின் வழக்கம் சட்டத்தோடு மாண்டுவிடவில்லை, வேறுருக் கொண்டது. பெற்றோர் தம் வாழ்நாளிலேயே வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தனர். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தாயின் வளவும் அவள் பெண்மக்களின் வளவுகளும் அடுத்தடுத்து அமைய, தாளில் வரைந்த தாய்வழிக் கோடு நிலத்திலும் வரையப்பட்டது. தமிழர், முஸ்லிம் ஆகிய இரு சாராரிடத்தும் இது பொதுவழக்காயிற்று.

அரசின் ஏடுகள் இக்கோட்டைக் காணவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், சட்டப்படியான மணத்தில் பிறந்த பிள்ளைக்கு வமிசாவழிக் குடியுரிமையைத் தந்தை வழியாகவே வழங்கியது. தாய்வழியும் அவ்வுரிமை செல்லலாம் என்பது 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே ஏற்பட்டது. ஊரில் தாயால் வரும் குடி, நாட்டில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் தந்தையால் மட்டுமே வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அரச காணியின் பின்னுரிமையில், நியமனம் இல்லாதவிடத்து, ஆண்மக்களை முற்படுத்தியது. அம்முன்னுரிமையை நீக்கும் திருத்தம் 2022இலேயே வந்தது.

இதன் விளைவு 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின் வெளிப்படையாயிற்று. கரையோரத்தில் அழிந்த வீடுகளுட் பல பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. 200 மீற்றர்த் தடைவலயம் விதிக்கப்பட்டு, மக்கள் உட்புறத்தே குடியமர்த்தப்பட்டபோது, புதுவீடுகளின் பத்திரங்கள் பலவிடத்தும் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில், அதாவது கணவனின் பெயரில், எழுதப்பட்டன. தாயின் வளவை அடுத்து மகளின் வளவு என்னும் ஒழுங்கும் குலைந்தது. பேரலை வீட்டை அழித்தது. பெண்ணின் உடைமையை அழித்ததோ படிவத்திலிருந்த ஒரு சொல்.

5. முடிவுரை

ஒரே பெயர் கோயிலில் வரிசையாகவும், உறவுமுறையில் விதியாகவும், சட்டத்தில் வெற்றிடமாகவும் நிற்பதைக் கண்டோம். இவ்வெற்றிடத்தை நிரப்பக் குடியைச் சட்டத்துள் புகுத்துக எனக் கூறுவோமல்லோம். அவ்வாறு செய்யின் சாதி வரிசையும் உடன்புகும். நாம் வேண்டுவது வேறு. குடும்பத்துக்கு ஒரு தலைவரே உண்டு என்றும் அவர் ஆடவரே என்றும் கொள்ளும் நிருவாக மரபு, இப்பிரதேசத்தின் நடைமுறைக்கு முரணானது. வீட்டுத் திட்டமாயினும் காணிப் பத்திரமாயினும், முன்பு அந்நிலம் யாருடைய பெயரில் இருந்தது என்ற வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அவ்வினா எழுப்பப்படுமாயின், வாவிக்கரை ஊர்கள் பலவற்றில் அதற்கு விடையாக வருவது ஒரு பெண்ணின் பெயராகவே இருக்கும்.