எலும்பு உரைத்த வமிசம்

முன்னோரை அறியும் ஆவலால், உமிழ்நீரைக் குப்பியிலிட்டு மரபணுச் சோதனைக்கு அனுப்புவோர் இந்நாளிற் பலர். அனுப்புமுன் வீட்டாரோடும் கலந்து பேசுதல் நன்று என்போம் நாம். காரணம் உண்டு.

1485இல் போர்க்களத்தில் மாண்ட இங்கிலாந்து மன்னன் மூன்றாம் றிச்சட்டின் எலும்புக்கூடு, 2012இல் லெஸ்ரர் நகர வாகனத் தரிப்பிடமொன்றின் கீழ்க் கிடைத்தது. தாய்வழியாக மாத்திரம் வரும் மரபணுக்கூறு, அவன் தமக்கையின் பெண்வழியில் வந்த இருவரிடம் ஒத்திருந்தது. எலும்பு மன்னனுடையதே எனத் துணிந்தனர்.

தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் கூறோ வேறு கதை கூறிற்று. வமிசாவளி ஏட்டின்படி மன்னனுக்கு ஆண்வழி உறவினரான ஐவரைச் சோதித்தனர்; ஒருவருடையதும் ஒக்கவில்லை. 2014இல் வெளியான முடிவு இது. இடையில் எங்கோ, ஏட்டிலுள்ள தந்தை வேறு, பெற்ற தந்தை வேறு! நூற்றாண்டுகளுக்கு முந்திய கதைதானே எனலாம். ஆனால் அவ்வைவருள் ஒருவர் ஏனைய நால்வரோடும் ஒக்கவில்லை. மன்னனுக்குச் சாட்சியாக வந்தவிடத்தில், அவர் வீட்டுக் கதையும் வெளிப்பட்டது.