குழித்த கைக்குள் அடங்கும் பொங்கல்

போகியன்று சாயங்காலம் கே.கே. நகர் முனுசாமி சாலையில் நடக்க இடம் கிடைப்பது கஷ்டம். கோயம்பேட்டிலிருந்து வந்த கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் ஓரத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்கூட்டரின் குறுக்கே கரும்பை வைத்து வருகிறவருக்கு வேறு ஒதுங்கி நிற்க வேண்டும். விடிந்தால் பொங்கல். சூரியனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிற பண்டிகை. அன்று நம் வயிற்றை மட்டும் ஏன் தண்டிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வெல்லக் கணக்கு

கால் கிலோ பச்சரிசிக்கு அரைக் கிலோ வெல்லம் போடும் வீடுகள் நிறைய. எட்டுப் பேர் சாப்பிட்டால் தலைக்கு 60 கிராமுக்கு மேல் வருகிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை. பாயசமும் கரும்பும் வருவதற்கு முன்பே நாம் அதைத் தாண்டியாயிற்று.

“வெல்லம்தானே, சீனி இல்லையே!” வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு, மறுக்கவில்லை. மற்றபடி அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பெரியவர்களுக்கு நீரிழிவு. அந்த எட்டு இலைகளில் ஓர் இலை அவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம்.

நல்ல நேரமும் மாத்திரை நேரமும்

இனிப்பைவிட எனக்குப் பயம் தருவது பண்டிகைப் பட்டினி. பானை வைக்கும் நல்ல நேரம் சில வருடம் பத்து மணியைத் தாண்டிவிடும். நாலரை மணிக்கே எழுந்து கோலம் போட்டு, குளித்து, அடுப்படிக்குப் போன அம்மாவோ பாட்டியோ, படைக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கிவிடுவார்கள்!

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமிக்கு ஒரு பொங்கலன்று அப்படித்தான் நடந்தது. பால் பொங்கி வழிய, எல்லோரும் “பொங்கலோ பொங்கல்” என்று கூவிக்கொண்டிருந்தோம். மாமி கையில் தேங்காய்த் தட்டு கடகடவென்று ஆடியது. நெற்றியெல்லாம் வியர்வை. அடுப்புச் சூடு என்று நினைத்து நாங்கள் விசிறிக்கொண்டிருந்தோம். அவர் மருமகள்தான் சட்டென்று மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் மாமிக்கு முகம் தெளிந்தது.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். படையல் தாமதமாகும் என்றால் மருந்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். படையலுக்குச் செய்ததை ருசி பார்க்கக் கூடாது, சரி. நேற்று அரைத்த இட்லி மாவுக்கு அந்த விதி எங்கே இருக்கிறது? இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பானை வைத்தால் சூரியன் கோபித்துக்கொள்ளாது. ரமலான் நோன்பிலேயே நோயாளிக்கு விலக்கு உண்டு.

உள்ளங்கை அளவு

கோயிலில் பொங்கல் கொடுத்தால் உள்ளங்கையைக் குழித்து நீட்டுகிறோம். கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெய்யும் பச்சைக் கற்பூரமும் மணக்க மணக்க மெதுவாகச் சாப்பிடுகிறோம். இன்னும் ரெண்டு கரண்டி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டு இலைக்கு வந்ததும் அதே பொங்கல் குன்றாகிவிடுகிறது.

பிரசாதமாக ஒரு கை முதலில். பிறகு மொச்சையும் அவரைக்காயும் பூசணியும் போட்ட குழம்பையும் கூட்டையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சாதத்தைக் கடைசிக்குத் தள்ளலாம். காய்கறியும் புரதமும் முன்னால் போனால் ரத்தச் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை என்று நியூயார்க்கில் 2015-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. மாமியார் “போதுமா?” என்று கரண்டியோடு வருவார். இலையைக் கையால் மறைப்பதைவிட, “ராத்திரிக்கு எடுத்து வையுங்க அத்தை” என்றால் அவருக்கும் மனசு நோகாது.

சாப்பிட்ட பிறகு

பட்டிமன்றத்தின் முன்னால் சாய்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. சாப்பிட்ட கையோடு பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏற்றம் குறையும்; சிவன் பார்க் பக்கம் ஒரு சுற்றுப் போய் வரலாம். கரும்புக்கு அவசரமில்லை. வெட்டாமல் மூலையில் சாத்தி வைத்தால் காணும் பொங்கல் வரைக்கும் அது நிற்கும்.