குழி வாயில் ஆடும் காய்

போயா தினங்களில் ராகலை டவுனில் தவறணை பூட்டிக்கிடக்கும். அன்றைக்கு ஆள் கூடுவது கரம் போட் இருக்கிற இடத்தில்தான். நாலு பேர் உட்கார்ந்து ஆடுவார்கள், பத்துப் பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டால் பலகை ஈரம் குடித்துக் காய் ஓடாது. யாராவது பவுடரைத் தூவி உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்துவிடுவார்கள், ஆட்டம் மறுபடி சூடுபிடிக்கும். ஒரு பலகையும் பத்தொன்பது காயும் இத்தனை பேரை மணிக்கணக்காகப் பிடித்து வைப்பது எப்படி?

இந்தக் கேள்விக்குக் காசில் விடை கிடைத்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஆன்டி கேப்ஸ் என்றொரு மதுக்கடை இருந்தது. 1972இல் அங்கே பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே இருந்தது சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. திரையில் இரண்டு கோடுகள்தான் மட்டைகள், ஒரு வெள்ளைப் புள்ளிதான் பந்து. நோலன் புஷ்னெல்லின் அட்டாரி நிறுவனத்துக்காக அலன் அல்கார்ன் என்ற பொறியியலாளர் செய்த இந்த ஆட்டத்துக்குப் 'பாங்' என்று பெயர். சில நாளில் பெட்டி பழுதாகிவிட்டது என்று கடையிலிருந்து அழைப்பு வந்தது. அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. காசு விழுவதற்காக உள்ளே வைத்த பாத்திரம் நிரம்பி வழிந்து, போட வந்த காசுக்கு இடமில்லாமல் போயிருந்தது.

மதுக்கடைக்கு அது எப்படிப் பொருந்தியது என்பதைப் பாருங்கள். ஒரே ஒரு குமிழைத் திருகினால் போதும். ஒரு கை ஆட, மற்றக் கையில் பீர் கிளாஸ் அப்படியே இருக்கும். தனியாக ஆட முடியாது, பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கூப்பிட்டவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள், பேசினால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் கடைக்காரரின் வியாபாரம். இதை நம் மலையில் துரைமார் முன்னமே அறிந்திருந்தார்கள். 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் மதுக்கூடத்தோடு பில்லியர்ட்ஸ் அறையும் உண்டு.

ஆனால் ஆளை நிறுத்தி வைத்த சூட்சுமம் அல்கார்னின் கை வேலையில் இருந்தது. மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்திருந்தார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும், ஓரத்தில் பட்டால் சாய்ந்து பாயும். விடாமல் தட்டிக்கொண்டே போனால் வேகம் கூடும். சுற்றமைப்பில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சிவரை எட்டாது. அவர் அதைத் திருத்தாமல் விட்டார். எட்டியிருந்தால், இரண்டு கெட்டிக்காரர்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம் முடியவே முடியாது. பழகுவதற்கு ஒரு நிமிடம் போதும், தோற்பதற்கு எப்போதும் ஒரு வழி இருக்கும், அதுவும் மயிரிழையில். இதைத்தான் நான் அந்தப் பெட்டியின் உயிர் என்பேன்.

அந்த மயிரிழைக்குள் மூளை என்ன செய்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 1998இல் லண்டனில் வீடியோ கேம் ஆடுகிறவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, ஆடும் நேரத்தில் டோபமின் சுரப்பது தெரிந்தது. 2009இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லூக் கிளார்க் குழுவினர் சூதாட்ட இயந்திரத்தில் நூலிழையில் தவறும் தோல்விகளை ஆராய்ந்தார்கள். அப்படித் தவறுவது ஆடுகிறவருக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் வெற்றிக்கு விழித்தெழுகிற மூளைப் பகுதிகளே அதற்கும் விழித்தன. இன்னொன்று: தேர்வைத் தானே செய்தபோதுதான் 'இன்னொரு தரம்' என்ற ஆசை கூடியது, இயந்திரம் செய்தபோது கூடவில்லை. தன் கை பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் மனம் ஒட்டிக்கொள்கிறது.

இங்கேதான் கரமையும் சூதாட்டப் பெட்டியையும் நான் வேறு வேறாக வைப்பேன். பெட்டியில் தவறுவது எதையும் கற்றுத்தருவதில்லை, அடுத்த சுற்றும் குருட்டு யோகம்தான். கரமில் தவறுவது பாடம். சர்வதேச விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் 5 கிராமுக்குச் சற்று மேல். மூன்று பங்கு எடையுள்ளது நேராக மோதினால், ஆற்றல் வீணாகாத கணக்கில், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும், ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் அதன் பின்னாலேயே போகும். சம எடையுள்ள பில்லியர்ட்ஸ் பந்தாக இருந்தால், நேர் மோதலில் சறுக்கி வந்தது அங்கேயே நின்றிருக்கும். புதிதாக ஆடும் பையன் காயையும் போட்டு ஸ்ட்ரைக்கரையும் குழிக்குள் விட்டு விழிப்பது இதனால்தான். நாலு தரம் அப்படி நடந்தபின் விரலை ஒரு நூல் சாய்த்து அடிக்கிறான். கணக்கை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நகக்கண் கற்றுக்கொண்டது.

ஆன்டி கேப்ஸ் கதையில் இன்னொரு செய்தியும் சொல்வார்கள். காலையில் கடை திறக்குமுன்பே ஆட்கள் வாசலில் நின்றார்களாம். உள்ளே வந்து ஒன்றும் குடிக்காமல் பாங் மட்டும் ஆடினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நம் தோட்டங்களின் நினைவுதான். சம்பள நாளில் கொழுந்துக் காசு எந்தப் பக்கம் போகிறது என்று லயத்துப் பெண்களுக்குத் தெரியும். குடியில்லாமலே ஆளை நிறுத்துகிற வல்லமை ஒரு பந்துக்கு உண்டென்றால், தோட்டத்துக்குத் தோட்டம் வாசிகசாலையில் நல்ல போட் ஒன்றும், அதற்கு மேலே நல்ல விளக்கு ஒன்றும் வேண்டும் என்று நான் கேட்பேன்.

இருட்டிவிட்டது. சிவப்புக் காய் குழி வாயில் வந்து இரண்டு பக்கமும் முட்டி ஆடுகிறது. பார்க்கிறவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு அதோடு சேர்ந்து சாய்கிறார்கள். காய் வெளியே வந்து நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகக் குடையை எடுத்தவர் அதை மறுபடி சுவரில் சாய்த்து வைக்கிறார்.