சூடில்லாமல் சுருள் முடி!

நேரான முடி உள்ளவர்களுக்குச் சுருட்டை முடி மேல் ஆசை. சுருட்டை முடிக்காரர்களுக்கோ, சீப்பு வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிற முடி நமக்கு வாய்க்கவில்லையே என்று ஏக்கம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது தலைமுடிக்குத்தான் முழுக்கப் பொருந்தும்!

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஊசி போன்ற நேர் முடி. பார்க்க அழகுதான், அதோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். எத்தனை இறுக்கிப் பின்னினாலும் மத்தியானத்துக்குள் பின்னல் நழுவிவிடும். கொண்டை நிற்காது. மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால், பிராகாரம் சுற்றி முடிப்பதற்குள் பூ தோளுக்கு இறங்கி வந்துவிடும். கொஞ்சம் அலை அலையாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

என் பெண் கல்லூரியில் படிக்கிறாள். இடுப்பைத் தாண்டிய கூந்தல். உறவில் ஒரு கல்யாணத்துக்காக அழகு நிலையம் ஒன்றில் மின்சாரக் கம்பியால் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். காதுக்குப் பின்னால் சுட்ட தழும்பு. சீவச் சீவ நுனி உடைந்து கையோடு வந்தது. கடைசியில் ஆறு அங்குலம் வெட்ட வேண்டியதாயிற்று. ஆசையாக வளர்த்த முடி அல்லவா? ஒரு வாரம் கண்ணாடி பக்கமே போகவில்லை. அப்புறம், "மருந்து போட்டு ஒரேயடியா சுருட்டிக்கிறேம்மா, விடும்மா" என்று ஆரம்பித்துவிட்டாள். "வேண்டாம்டி" என்று சொல்வது சுலபம். அதற்குப் பதிலாக ஒரு வழி காட்ட வேண்டுமே! அதனால்தான் நானே இறங்கினேன்.

சூடு என்ன செய்கிறது?

இரும்பைக் காய்ச்சி முடி சுருட்டுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. பாரிஸ் நகரத்துச் சிகையலங்காரக் கலைஞர் மார்செல் கிராட்டோ 1870-களிலேயே சூடான இடுக்கியால் முடியில் அலை எழுப்பிப் பெயர் வாங்கினார். பிறகு கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மருந்தும் சூடும் சேர்த்து நிரந்தரச் சுருளுக்கு வழி கண்டார். சோதனைக்குத் தலை கொடுத்தவர் அவர் மனைவிதான்! முதல் முயற்சிகளில் அந்த அம்மாளின் முடி கருகிப்போயிற்றாம்.

முடி என்பது கெராட்டின் என்ற புரதம். அதற்குள் கோடிக்கணக்கான சின்னச் சின்னப் பிணைப்புகள். அவற்றில் ஹைட்ரஜன் பிணைப்பு என்பது தண்ணீர் பட்டால் விட்டுப்போகும். காய்ந்ததும், முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். கொடியில் மடிந்து காய்ந்த பருத்திச் சேலையில் மடிப்பு அப்படியே நிற்கிறதே, அதே கதைதான். ஈரத்தில் பின்னிப்போட்ட முடி காலையில் அலையாக இருப்பதும் இதனால்தான்.

மின்சாரக் கம்பியும் இதே வேலையைத்தான் அவசரமாகச் செய்கிறது. அதன் சூடு 150 முதல் 230 டிகிரி வரை போகும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடுமே! ஈரம் சரியாகக் காயாத முடியில் கம்பியை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ் விடும். அந்த இடத்தில் முடி ஒடியும். நிரந்தரச் சுருள் மருந்தோ இன்னும் உறுதியான கந்தகப் பிணைப்பையே உடைத்து மாற்றுவது. அளவு தப்பினால் முடி தாங்காது.

ஆக, சூடு வேண்டாம், மருந்து வேண்டாம். ஈரமும் நேரமும் போதும் என்று தெரிந்தது.

சோதனைகள்

முதலில் செய்தித்தாளைச் சுருட்டிக் கட்டினேன். ஈரத்தில் ஊறி நைந்துவிட்டது. பிளாஸ்டிக் உருளை வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு தலை சாய்க்கவே முடியவில்லை. பையனுடைய பழைய காலுறைகளால் சுருள் நன்றாக விழுந்தது; ஆனால் பத்துப் பன்னிரண்டு முடிச்சு, அவிழ்ப்பதற்குள் காலேஜ் பஸ் போய்விடும். சாட்டின் துணியில் செய்த உருளை கடையில் கிடைக்கிறது. தோள் வரை முடி உள்ளவர்களுக்குச் சரி. நம் பெண்களின் நீள முடிக்கு பாதியிலேயே தீர்ந்துபோகிறது.

கடைசியில், நீளமாக ஒரு துணிக் குழாய் தைத்து இலவம் பஞ்சு அடைக்கலாம் என்று பழைய தலையணையைப் பிரித்தேன். என் மாமியார், "ஏத்தா, இருக்கிற தலையணையைப் பிரிச்சுத் தலையிலயே கட்டப் போறியா?" என்று சிரித்தார்கள். சிரித்தாலும், பஞ்சை ஆய்ந்து கொடுத்தது அவர்கள்தான்! இலவம் பஞ்சு இலேசானது. லேசில் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் தலை கனக்கவில்லை.

தேவையானவை

வழுவழுப்பான சாட்டின் அல்லது பழைய பட்டுத்துணி (60 அங்குல நீளம், 6 அங்குல அகலம்), இலவம் பஞ்சு, நாடா 2 துண்டு, ஒரு பெரிய கொண்டை கிளிப். முரட்டுத் துணி முடியை உரசிச் சிக்காக்கும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் போகாததாக எடுங்கள்.

செய்முறை

துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்புங்கள். பஞ்சைத் தளர்வாக அடையுங்கள். இறுக்கி அடைத்தால் தலையைச் சுற்றி வளையாது. இரு முனையையும் தைத்து, நாடாவை வைத்துத் தையுங்கள். நட்டநடுவில் துணியால் ஒரு சின்ன வளையம் வைத்தால் கிளிப் நழுவாது. அகலம் குறைந்தால் சுருள் நெருக்கமாக விழும். கூடினால் பெரிய அலை.

கட்டும் விதம்

முடியை அலசிச் சிக்கெடுத்து, தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சி தெரிகிற அளவுக்குக் காயவிடுங்கள். சொட்டும் ஈரத்தில் கட்டினால் விடியும்வரை காயாது. காயாத முடியில் சுருள் நிற்காது. எண்ணெய் தடவிய முடியும் ஆகாது. நடு வகிடு எடுத்து, உருளையை உச்சந்தலையில் கிளிப்பால் நிறுத்துங்கள். முன்பக்கம் தொடங்கி ஒவ்வொரு கொத்தாகச் சேர்த்துச் சுற்றிக்கொண்டே இறங்கி, நுனியில் நாடாவால் கட்டுங்கள். ஆறேழு மணி நேரம் கழித்து, நன்றாகக் காய்ந்தபின் மெதுவாக உருவுங்கள். விரலால் கோதினால் போதும், சீப்பு வேண்டாம்.

மூன்றாம் நாளே என் பெண்ணுக்குக் கை பழகிவிட்டது. போன மாதம் ஒரு வளைகாப்பில் சாயந்திரம் வரை அவள் கூந்தலில் பூ அப்படியே நின்றது. மருந்துப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் காற்றின் ஈரத்தால் சுருள் சீக்கிரம் தளரும். அது இயற்கை.

கவனிக்க வேண்டியவை

இழுத்துச் சுற்றாதீர்கள். ஈர முடி எளிதில் அறும். தினமும் இறுக்கினால் நெற்றி ஓரத்தில் முடி கொட்டி வழுக்கை விழும். வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

சின்னக் குழந்தைகளுக்கு இதைக் கட்டித் தூங்க வைக்கவே கூடாது. நீளத் துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பள்ளி விழா என்றால் பகலில், உங்கள் கண் முன்னால் கட்டிவிடுங்கள்.

ஒருவர் உருளையை இன்னொருவருக்குப் போடாதீர்கள், பேன் பரவும். மேலே ஒரு உறை தைத்துப் போட்டால் துவைக்க வசதி.

பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் பலருக்கும் கொத்துக் கொத்தாக முடி உதிரும். பயப்பட வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை இந்த உருளையைத் தொடாமல், தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் உதிர்ந்தால் டாக்டரிடம் காட்டி, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.