பைக்குக்குக் கார் ஆயில் ஏன் ஆகாது?

லிட்டருக்குக் கொஞ்சம் மிச்சமாகும் என்று பைக்கில் கார் ஆயில் ஊற்றும் கணக்கு கிளட்சில் போய் இடிக்கும். காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறு. பெரும்பாலான கியர் பைக்குகளிலோ எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். மைலேஜுக்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது கிளட்ச் பிளேட்டில் படிந்தால் பிடிமானம் போய்விடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறும், வண்டி வேகமெடுக்காது. டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். எம்.பி. என்றிருந்தால் அது கியரில்லா ஸ்கூட்டருக்கு.

விலை கூடிய சிந்தெடிக் ஊற்றிவிட்டு இருமடங்கு கிலோமீட்டர் ஓட்டலாமே என்பார்கள். அந்த ஆயில் சீக்கிரம் கெடாது, உண்மைதான். ஆனால் அழுக்கு? ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளில் காகித ஃபில்டரே கிடையாது. கம்பிவலைச் சல்லடையும், சுழன்று துகளை ஓரம் ஒதுக்கும் கிண்ணமும்தான். நுண்ணிய கரி ஆயிலிலேயே தங்கும், வடித்தால்தான் வெளியேறும். அத்தகைய வண்டிக்குக் கையேடு சொல்லும் 10டபிள்யூ-30 மினரல் ஆயிலைக் காலத்தில் மாற்றுவதே சிக்கனம். காகித ஃபில்டர் உள்ள வண்டியில் அதை மாற்றாமல் மிச்சம் பிடிப்பது வீண். அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போகும்.