சிரிக்கச் சொல்லிக்கொடுத்த விளம்பரம்

எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் பிறந்தநாள் கேக் இருக்கும், கடற்கரை இருக்கும், புதுத் துணி போட்ட குழந்தை இருக்கும். அடுப்படியில் வேர்த்து நிற்கும் அம்மா இருக்க மாட்டார். நோயில் படுத்த தாத்தாவும் பரீட்சையில் தோற்ற அண்ணனும் இருக்க மாட்டார்கள். எதைப் படம் எடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை என்றுதான் நினைக்கிறோம். ஆனால், பாடம் நடந்தது. நடத்தியது அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்துக் கோடக் கம்பெனி. பத்திரிகை விளம்பரங்களே அதன் பாடப்புத்தகம்.

கோடக் வருவதற்கு முன்பு படம் எடுப்பது பெரிய காரியம். 1839இல் பிரான்சில் அறிமுகமான டாகுரோடைப் முறையில், தொடக்கத்தில் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்க ஸ்டுடியோவில் பின்பக்கம் இரும்புப் பிடி வைப்பார்கள். அவ்வளவு நேரம் சிரிப்பை யாரால் நிறுத்தி வைக்க முடியும்? முகங்கள் இறுகியே இருந்தன. துக்கத்துக்கும் அந்தப் படங்களில் இடம் இருந்தது. இறந்த குழந்தையை மடியில் கிடத்திப் பெற்றோர் எடுத்துக்கொண்ட படங்கள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஏராளம். தமிழ்நாட்டிலும் சாவு வீட்டுக்கு ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, உறவுகள் சுற்றி நின்று படம் எடுக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவைக் கொண்டுவந்தார். அது சிறிய பெட்டி. பார்த்து எடுக்கக் கண்ணாடித் துளைகூடக் கிடையாது. மேலே உள்ள கயிற்றை இழுக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், சாவியைத் திருகிச் சுருளை நகர்த்த வேண்டும். இந்த மூன்று வேலைதான். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். முடிந்ததும் கேமராவோடு ரோசெஸ்டருக்கு அனுப்பி 10 டாலர் கட்டினால், வட்ட வட்டப் படங்களும் புதுச் சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும். ‘பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றது விளம்பரம்.

விலை 25 டாலர் என்பதால் அப்போது வசதி படைத்தவர்களே வாங்கினார்கள். 1900இல் வந்த பிரவுனி கேமரா ஒரே ஒரு டாலர். ஆறு படம் எடுக்கும் பிலிம் 15 சென்ட். சிறுவர்களைக் குறிவைத்து விற்றார்கள். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1930இல் கோடக், ஈஸ்ட்மன் தொழில் தொடங்கிய 50ஆம் ஆண்டு விழாவுக்காக, அந்த ஆண்டு 12 வயதாகும் பிள்ளைகளுக்கு ஐந்து லட்சம் கேமராக்களை இலவசமாகவே கொடுத்தது. இது தர்மம் மட்டுமல்ல, கணக்கும்தான். கேமராவை ஒரு முறைதான் வாங்குவார்கள். பிலிமை ஆயுள் முழுக்க வாங்க வேண்டும்.

அங்கேதான் விளம்பரத்தின் வேலை தொடங்குகிறது. முதலில் ‘கோடக் கேர்ள்’ என்ற நாகரிக இளம்பெண்ணை வைத்து, சுற்றுலாவுக்குப் போகும்போது கேமராவும் கூட வரட்டும் என்றார்கள். ஆனால் சுற்றுலா எத்தனை நாள்? பிலிம் வருடம் முழுக்க ஓட வேண்டுமே! ஆகவே விளம்பரங்கள் வீட்டுக்குள் நுழைந்தன. குழந்தை வளர்ந்துவிடும், இந்த நாள் திரும்பாது, இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்கு நினைவில்கூட இருக்காது என்று சொல்லத் தொடங்கின. உங்கள் வீட்டுக் கதையைக் கோடக் காப்பாற்றி வைக்கும் என்றன. நிகழ்ந்துகொண்டிருப்பதையே இழந்துவிட்டதுபோல் ஏக்கத்தோடு பார்க்கும் கண்ணை அவை நமக்குக் கொடுத்தன.

இந்த விளம்பரங்களை ஆராய்ந்து 2000இல் புத்தகம் எழுதிய நான்சி மார்த்தா வெஸ்ட், துக்கத்தையும் சாவையும் வீட்டுப் படங்களிலிருந்து அகற்றக் கோடக் மக்களைப் பழக்கியது என்கிறார். அமெரிக்கப் பள்ளி ஆண்டு மலர்களில் 1905 முதல் 2013 வரை வெளியான சுமார் 38,000 மாணவர் படங்களைக் கணினி ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, சிரிப்பைக் காட்டும் உதடுகளின் வளைவு காலம் செல்லச் செல்லக் கூடியிருந்தது. இதற்கு விளம்பரம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் பங்கு இருக்கலாம். 1950 முதல் 1990 வரை நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 60 அடி அகலம், 18 அடி உயரத்தில் கோடக் வைத்த ‘கலராமா’ படங்களைப் பயணிகள் தினமும் அண்ணாந்து பார்த்தார்கள். அவற்றில் சிரிக்கும் குடும்பங்களும் அழகிய காட்சிகளும் நிறைந்திருந்தன.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். நினைவு பெட்டியில் பூட்டிய பொருளாக அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. கையில் கிடைப்பதையெல்லாம் சேர்த்துக் கட்டுகிறது. 2002இல் நடந்த ஓர் ஆய்வில், வெப்பக் காற்று பலூனில் பறப்பதுபோல் ஒட்டுப்போட்ட சிறுவயதுப் படத்தை 20 பேரிடம் காட்டினார்கள். மூன்று முறை பேட்டி எடுத்து முடிப்பதற்குள், ஒருபோதும் நடக்காத அந்தப் பயணம் பாதிப்பேருக்கு முழுமையாகவோ அரைகுறையாகவோ ‘ஞாபகம்’ வந்துவிட்டது. அதே ஆண்டு உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர், டிஸ்னி பூங்காவில் பக்ஸ் பன்னி முயல் நிற்பதாக ஒரு போலி விளம்பரம் தயாரித்தார்கள். பக்ஸ் பன்னி வேறு கம்பெனியின் பாத்திரம், டிஸ்னி பூங்காவில் இருக்கவே முடியாது. இருந்தும் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்களில் சிலர், சிறுவயதில் அதைச் சந்தித்துக் கைகுலுக்கியதாக நம்பினார்கள்.

ஆல்பத்தில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம், அது மனதில் உறுதிப்படுகிறது. இல்லாதது மெல்ல மங்குகிறது. கேக் வெட்டிய நாள் நிற்கிறது. கடன் வாங்கி அந்தக் கேக்கை வாங்கிய அப்பாவின் முகம் போய்விடுகிறது. கோடக் 2012இல் திவால் மனு கொடுத்தது. அது பழக்கிய பழக்கம் இன்று நம் செல்போனில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கம்பெனியிடமே ஒரு நல்ல யோசனையும் இருந்தது. 1914இல் வந்த ‘ஆட்டோகிராபிக்’ கேமராவின் முதுகில் ஒரு சின்னக் கதவு. படம் எடுத்ததும் அதைத் திறந்து, பிலிமின் பின்தாளில் உலோகக் குச்சியால் தேதியும் பெயரும் எழுதி, சில வினாடி வெளிச்சம் காட்டினால், எழுத்து நெகட்டிவின் ஓரத்திலேயே பதிந்துவிடும். இந்தக் கண்டுபிடிப்பின் உரிமைக்காக ஹென்ரி கெய்ஸ்மன் என்பவருக்கு ஈஸ்ட்மன் மூன்று லட்சம் டாலர் கொடுத்தார். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறைக்குப் பிறகு யாருடையதும் அல்ல என்பது ஈஸ்ட்மனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, வாசகர்களே, விழா நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். பாட்டி கீரை ஆயும்போது எடுங்கள். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, அக்கா துணி காயப்போடும்போது, யாரும் சிரிக்காதபோதும் எடுங்கள். எடுத்த படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுக் கதையில் எது இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.